ரப்பர் வளையம் அறுந்த பாட்டில்

கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளரான அவருக்குப் பெயர் பியூரெட். தாங்கியில் செங்குத்தாக மாட்டி, அடியில் உள்ள திருகைத் திறந்தால் சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் நீளக் கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, அதற்குத்தான் பியூரெட் என்று பெயர். ஆள் ஆறடிக்கு மேலே இரண்டு விரற்கடை. சதை என்று சொல்ல உடம்பில் ஒன்றும் கிடையாது. எந்தக் காலத்து மாணவனோ ஒரே பார்வையில் வைத்துவிட்டுப் போன பெயர். அவனுக்கு இந்நேரம் தலை வழுக்கை விழுந்திருக்கும்; பெயர் மட்டும் புதுக்கருக்கு குறையாமல் இருக்கிறது. தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாதவர் போல அவர் இருபத்திரண்டு வருடம் நடித்துக்கொண்டிருந்தார்.

அவரும் மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த மேசையில் நின்று பரிசோதனை செய்கிறார்களோ அந்த எண்தான் பெயர். "மூணாம் மேசை, குழாயை மூடு." "ஒன்பதாம் மேசை, மூக்கை உள்ளே விடாதே, அது சமையல் பாத்திரம் இல்லை." படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் வழியில் பார்த்து வணக்கம் சொன்னாலும், ஒரு நிமிடம் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பதினோராம் மேசைதானே?" என்பார். தப்பியதில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். வேதியியல் என்ற வார்த்தையையே இந்தக் கட்டடத்துக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டார். ஆனாலும் அலமாரியில் உள்ள நானூற்றுச் சொச்சம் பாட்டில்களில் எதைக் கேட்டாலும் இருட்டில்கூட எடுத்துக் கொடுப்பார். நிறத்தை வைத்துச் சில, நெடியை வைத்துச் சில, கையில் தூக்கும்போது உள்ளே அது குலுங்குகிற தினுசை வைத்துச் சில. இரண்டே இரண்டுதான் அவருக்கும் கண்ணாமூச்சி காட்டும். எத்தனால், மெத்தனால். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தண்ணீர் போல் தெளிவு, வாசனையிலும் பெரிய பேதம் இல்லை. ஒன்று குடித்தால் போதை ஏற்றுகிற சாராயம். இன்னொன்று கொஞ்சம் உள்ளே போனாலும் கண்ணைப் பறித்து, கூடப் போனால் ஆளையே கொண்டு போகிற விஷம். பாட்டிலில் ஒட்டிய தாளை விட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல அங்கே வேறு நாதி கிடையாது.

அதனால்தான் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பாட்டிலுக்குள் அந்தப் பாட்டிலின் திரவம்தான் இருக்க வேண்டும். மிச்சத்தைக் கொண்டுபோய் வேறு பாட்டிலில் ஊற்றினால் அவருக்கு ரத்தம் கொதித்துவிடும். புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருவர் மிஞ்சிய அமிலத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்ததற்காக அவரோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. கூடத்தைப் பூட்டுமுன் முக்கியமான பாட்டில்களில் திரவம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். மறுநாள் கோடும் திரவமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

இவ்வளவு கறாரான மனிதர்தான் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

மெத்தனால் பாட்டிலின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். கசிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைதான் புதுப் பாட்டில் வரும். கழுவிக் காயவைத்த காலிப் பாட்டில் ஒன்றுதான் கைக்கு எட்டியது. அது எத்தனால் பாட்டில். ஒட்டியிருந்த தாளோ பிளாஸ்டிக் பூசியது. ஒரு மணி நேரம் ஊறவைத்தால்தான் உரியும். வெளியே அவர் மனைவியின் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, போகிற வழியில் இவரையும் ஏற்றிக்கொண்டு போவார். மூன்றாவது ஹாரனுக்கு மேல் நிற்க மாட்டார். "நீ உன் கண்ணாடிச் சாமானைக் கட்டிக்கிட்டே கிட" என்று கிளம்பிவிட்ட நாட்களும் உண்டு.

இரண்டாவது ஹாரன் கேட்டது. அவர் மெத்தனாலை அந்தப் பாட்டிலில் ஊற்றினார். ஒரு காகிதத்தில் 'மெத்தனால், விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, எத்தனால் என்ற எழுத்து மறையும்படி சுற்றி, இழுப்பறையில் கிடந்த ரப்பர் வளையத்தை மாட்டினார். இரண்டு நாள்தானே என்று நினைத்துக்கொண்டார். ரசாயன நெடி தின்கிற அலமாரியில் பழைய ரப்பர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் மூன்றாவது ஹாரன் கேட்டுவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை, இறுதியாண்டு மாணவர்களுக்குக் கடைசிப் பிராக்டிகல். காலை எட்டு முதல் பத்து வரை. அலமாரிகள் திறந்து கிடந்தன. எல்லோரும் கவனத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஐந்தாம் மேசை பையன் இவரிடம் வந்து, இங்கே இருக்கிற எத்தனால் கடையில் விற்கிற சரக்கைவிடச் சுத்தமாக இருக்குமா என்று கேட்டான். தன் அலமாரியைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்குப் பெருமை பொங்கும். கடைச் சரக்கெல்லாம் இதன் கால் தூசுக்குப் பெறாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினொன்றரை மணிக்குக் கோடு போட அலமாரியைப் பார்த்தார். மூன்றாம் தட்டில் காகிதம் மட்டும் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் புழுப்போல் அறுந்த ரப்பர். பாட்டிலைக் காணோம்.

கழுவும் தொட்டிகளைப் பார்த்தார். புகை இழுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் பார்த்தார். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். ஐந்தாம் மேசைக்கு அடியில் குனிந்தபோதுதான் காலையில் அந்தப் பையன் கேட்டதும் தான் பெருமையடித்ததும் நினைவுக்கு வந்தன. அதற்கு மேல் அவர் எதையும் தேடவில்லை.

துறைத் தலைவர் அவரைவிடப் பத்து வயது சின்ன அம்மையார். அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மையார் விடைத்தாளைத் தள்ளிவைத்தார். பாட்டிலில் பழைய தாளை உரிக்கவில்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றார். ஐந்தாம் மேசைப் பையனின் எண்ணுக்கு அடித்தார்கள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விடுதியிலும் ஆள் இல்லை. அதற்கு மேல் அந்த அம்மையார் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. வகுப்பு முழுதும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவைத் திறந்து மளமளவென்று தட்டினார். கூடத்திலிருந்து பாட்டில் எடுத்தவர்கள் உடனே திருப்பித் தர வேண்டும், தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது.

பியூரெட் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மேடம், இதைப் பார்த்தா கதவை இன்னொரு தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ளே உக்காருவாங்க."

"அதுக்காக நடவடிக்கை இல்லைன்னு நான் எப்படி வாக்குக் குடுக்க முடியும்? முதல்வர்தானே முடிவு பண்ணணும்?"

"அவங்க தப்பை விடுங்க. என் தப்பைப் போடுங்க. மாத்தி ஊத்தினது நான்தான்னு போடுங்க. அப்பத்தான் வாயைத் திறப்பாங்க."

"உங்க வேலைக்கே ஆபத்துங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"வேலை போனா என் வீட்டுக்காரி வேன்ல கிளீனராப் போயிடுவேன் மேடம். கண்ணு போனா எந்தக் கடையில வாங்குறது?"

அந்த அம்மையார் எழுதியதை அழித்தார். எழுத்தில் போட்டால் யார் நம்புவார்கள், நீங்களே பேசுங்கள் என்று போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபத்திரண்டு வருட நடிப்பை அந்த இடத்திலேயே கைவிட்டார்.

"நான் பியூரெட் பேசுறேன். அலமாரியில இருந்து போன பாட்டில்ல எத்தனால் இல்லை. மெத்தனால். நேத்து நான்தான் மாத்தி ஊத்தினேன். தப்பு என்னோடது. யாரும் வாயில வைக்காதீங்க. யாராவது குடிச்சிருந்தா, நல்லாத்தானே இருக்கோம்னு சும்மா இருந்திடாதீங்க. அது ரொம்ப நேரம் ஒண்ணும் காட்டாது, காட்டும்போது கண்ணு போயிருக்கும். எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க, வர்றோம். திட்ட மாட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று சேர்த்தார். "இப்ப திட்ட மாட்டேன்."

வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். எத்தனை பேர் கேட்டார்கள் என்று போன் காட்டிக்கொண்டே வந்தது. பத்து, இருபத்தாறு, நாற்பது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்தேழில் வந்து நின்றது. அப்புறம் மணி அடித்தது. ஏழாம் மேசைப் பெண்.

அவள் அழவில்லை. எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், யார் குடித்தது என்று ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஒருவன்தான் குடித்திருக்கிறான். ஐந்தாம் மேசை.

நடந்தது இதுதான். நாலு பேர். இரண்டு பையன்கள் கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு மொட்டைமாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் பாட்டிலோடு அங்கே கூடியிருக்கிறார்கள். கண்மண் தெரியாமல் குடிக்கிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியல் படிக்கிற பிள்ளைகள் ஆயிற்றே. கூடத்திலிருந்து அளவு ஜாரையும் கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆரஞ்சுச் சாறு என்று தாளில் கணக்குப் போட்டு, சொட்டுப் பிசகாமல் கலந்திருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? எதையும் முதலில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்று சீட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் ஒரு தம்ளர் குடிப்பான். மற்றவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு குடிப்பார்கள். ஏழாம் மேசைப் பெண் குடிக்கிறவளே இல்லை. யாராவது ஒருவர் தெளிவாக இருக்க வேண்டும் என்று, ரெக்கார்டு நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவன் நாடித்துடிப்பை எண்ணி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் சரி. பாட்டில்தான் தப்பு. அதுவும் அந்த விஷத்துக்கு ஒரு மணி நேரம் என்பது ஒரு கணக்கே இல்லை. அது பாதி நாளுக்கு நல்ல பிள்ளையாக உள்ளே உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் மேசை பதினொன்று பத்துக்குக் குடித்தான். பியூரெட்டின் குரல் வந்து சேர்ந்தபோது பதினொன்று நாற்பத்தெட்டு. பன்னிரண்டு பத்துக்கு மற்ற இருவரும் குடிப்பதாக இருந்தது. இரண்டு தம்ளர்களில் நிறைத்து, மேலே தாள் மூடி, வரிசையாக வைத்திருந்தார்கள்.

துறைத் தலைவர் தன் காரைப் பின்தெருவுக்கு ஓட்டினார். பியூரெட் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி மாடிக்குப் போனார். ஐந்தாம் மேசை பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது, பேச்சும் நன்றாக இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கேன்."

"இருப்பே. எழுந்திரு."

அறைக்காரப் பையன்களில் ஒருவன், எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று இன்னொருவன் முனகினான். ஏழாம் மேசைப் பெண் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை.

"தெரியட்டும்டா. நோட்டை எடு" என்றாள்.

பியூரெட் பாட்டிலையும் தம்ளர்களில் இருந்ததையும் கையோடு எடுத்துக்கொண்டார். எவ்வளவு என்று யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஒரு சின்னப் பையன் போல் இருந்தார், ஆனால் கை வேகம் பெரிய ஆளுடையது. இவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். குடித்த நேரம், குடித்த அளவு, கலந்த விகிதம், நாடித்துடிப்பு நாலு தடவை, எல்லாம் மணிமணியான கையெழுத்தில். டாக்டர் ஒரு நிமிடம் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். குடித்துவிட்டு வருகிறவர்கள் என்ன குடித்தோம் என்பதையே மூன்று விதமாகச் சொல்வார்கள், அளவோடு வந்த முதல் ஆள் இவன்தான் என்று நர்சிடம் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். கை நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது.

பியூரெட் கதவோரம் நின்று, பிழைத்துக்கொள்வானா என்று கேட்டார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"நல்லா இருக்கும்போதே கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் நல்லது. கண்ணு மங்குது, வயிறு வலிக்குதுன்னு நாளைக்கு வந்திருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது. நாளைக் காலை வரைக்கும் பார்க்கணும்."

நாளைக் காலை. பியூரெட் தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கால்களுக்கு அந்த நாற்காலி போதவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் தாண்டிப் போனார்கள். முதல்வரிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை விசாரணை என்றார். இவர் சரி என்றார். அந்த விசாரணை பின்னால் நடந்தது, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அன்றைக்கு அவருக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் இறங்கவில்லை. ஒரு பையனின் இரண்டு கண்கள்தான் அவர் மனதில் இருந்தன.

உட்கார உட்கார அவருக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. வேறு ஊரில் விடுதியில் தங்கி முதலாண்டு படிக்கிறாள். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அடுத்த வீட்டுக் கூரை எரிந்தால் கை தன் வீட்டுக் கூரையைத்தான் முதலில் தடவிப் பார்க்கும். போன் போட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று இரண்டு முறை கேட்டார்.

"என்னப்பா, குரலே சரியில்லை?"

நடந்ததைச் சொன்னார். தன் தப்பையும் மறைக்கவில்லை. பிறகு மெதுவாக, அங்கே நீங்களெல்லாம் இப்படி ஏதாவது என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"இங்கேயும் குடிக்கிறவங்க இருக்காங்கப்பா. நாங்க கூட்டமாப் போனா ஒருத்தி தொடவே மாட்டா, எல்லாரையும் திரும்பக் கூட்டிட்டு வர்றது அவ பொறுப்பு. தம்ளரை யாரும் கீழே வெச்சிட்டுப் போக மாட்டோம், வெச்சா அதைக் கொட்டிடுவோம். யாருக்காவது அதிகமாயிட்டா தனியாத் தூங்க விட மாட்டோம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு ஒருத்தி முழிச்சிருப்பா. எழுப்பி எழுந்திருக்கலைன்னா ஆம்புலன்ஸ்தான், வார்டன் என்ன சொல்வாங்கன்னெல்லாம் பார்க்கிறதில்லை."

இதெல்லாம் அவர் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டது.

"அந்த ஒருத்தி யாரு?"

"பாதி நாள் நான்தான்."

"மீதி நாள்?"

"அப்பா, சார்ஜ் தீருது, வெச்சிடறேன்."

சார்ஜ் தீரவில்லை என்பது அவருக்கும் தெரியும். மீதி நாளை நினைத்துக் கோபப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தார், வரவில்லை. நாற்காலியில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஐந்தாம் மேசையின் அம்மா வந்தார். பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறவர், கையில் மாவு ஒட்டியபடியே பேருந்து ஏறி வந்திருந்தார். பியூரெட் எழுந்து நின்று, பாட்டிலை மாற்றி ஊற்றியவன் நான்தான் என்று தானாகவே சொன்னார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவு உயரத்தையும் பார்த்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"பாட்டிலைத் திருடினது என் பிள்ளை. ஓடி வந்தது நீங்க. யாரை முதல்ல திட்டுறதுன்னு எனக்கே தெரியலை, உக்காருங்க" என்றார்.

இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். இரவு மனைவி வேனில் வந்து மாற்றுச் சட்டையும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, அவர் வர மாட்டார் என்று தெரிந்து கூப்பிடாமலே போனார். ஹாரனும் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நர்ஸ் போய் ரத்தம் எடுத்து வந்தார். ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். நர்ஸ் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

காலையில் ரத்தச் சோதனை முடிவு வந்தது. விஷம் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆனாலும் கண் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். கண் டாக்டர் பத்து மணிக்கு வந்தார். விளக்கை அடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், பக்கவாட்டில் விரலை அசைத்துக் கேட்டார். ஐந்தாம் மேசை எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் சொன்னான். இருந்தும் கதவோரம் நின்ற பியூரெட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. பலகை எழுத்தைப் போன வருடம் கண் பரிசோதனையில் பார்த்து மனப்பாடம் செய்திருப்பானோ என்றுகூடத் தோன்றியது.

கண் டாக்டர் கைவிளக்கை அணைத்துவிட்டு, தூரத்தில் நிற்கிறவரைப் பார்த்து என்ன தெரிகிறது என்று சொல் என்றார். பையன் கதவுப் பக்கம் திரும்பினான். கண்ணைச் சுருக்கினான்.

"அண்ணன் சட்டையில மேலேருந்து மூணாவது பட்டன் நாலாவது ஓட்டையில மாட்டியிருக்கு" என்றான். "காலர்ல வெள்ளையா ஒரு நூல் ஒட்டியிருக்கு."

எல்லோரும் பியூரெட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து பார்த்தார். நிஜம்தான். பட்டன் வரிசை முழுக்க ஒரு படி இறங்கிப் போயிருந்தது. ரொட்டிக்கார அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதபடியே சிரித்தார். கண்ணுக்கு வந்தது இமையோடு போச்சு என்று யாருக்கும் இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பியூரெட் பட்டனைக் கழற்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நேற்றிலிருந்து தள்ளிவைத்த திட்டு தொண்டை வரை வந்து நின்றது. அவன் முகத்தைப் பார்த்தார்.

"நூல் எந்தப் பக்கம்?" என்றார்.

"உங்களுக்கு வலப்பக்கம்ணே."

அவர் வலப்பக்கம் தடவினார். நூல் இருந்தது.